முப்பத்திநான்காம் பக்கத்து மனிதர்

புத்தகம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். கையில் கத்திரிக்கோல் எதுவும் கிடையாது. எல்லாம் கணினித் திரையில் நடக்கிற வேலை. ஒரு புகைப்படத்திலிருந்து ஒரு மனிதரையோ மரத்தையோ பறக்கிற கொக்கையோ முடியளவும் பிசகாமல் வெட்டி எடுத்து, வேறொரு படத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பாள். வைத்த பிறகு அது அங்கேயே பிறந்து வளர்ந்தது போல இருக்கும். நான் அவளுக்கு அடுத்த மேசையில் மெய்ப்புப் பார்ப்பவள். "ஒருத்தி பிழையைக் கண்டுபிடிக்கிறா, இன்னொருத்தி கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒட்டுறா, நான் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இங்கே வருவதற்கு முன் பதினேழு வருடம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தாள். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடுவாள். ஸ்டூடியோ கணினியில் இருந்தது ஒரே ஒரு கோட்டு. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் உத்தியோகத்துக்குப் போனார்கள் என்பாள். குழுப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டவருக்கு அவருடைய வேறொரு படத்திலிருந்து கண் எடுத்துத் திறந்து வைப்பாள். ஆனால் அவளுக்குப் பிடித்த வேலை வேறு. சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்த அப்பா அம்மாவை, பிள்ளைகள் இரண்டு தனிப் படங்களாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத் தருவாள். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கடை வாசலிலேயே நின்று அழுவார்களாம்.

"சேர முடியாதவங்கள சேத்து வைக்கறேன்க்கா. இதுல யாருக்கு என்ன கெடுதல்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். எனக்கும் அப்போது கெடுதல் ஒன்றும் தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சிரிக்காமல் சிரிக்க வைக்கிற ஆள். "நான் ஜனங்கள மேலயும் கீழயும் அனுப்பறேன். இவ அங்கயும் இங்கயும் அனுப்பறா. எங்க வீட்ல நிலையா நிக்கறது கட்டில் மட்டும்தான்" என்பார். பிள்ளை கிடையாது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, ஜன்னல் முழுக்க மணிபிளான்ட்.

எங்களிடம் அந்தப் புத்தக வேலையைக் கொண்டுவந்தது ஒரு பயணக் குழு. பதினேழு பேர். பல் டாக்டர் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு கணக்கு டீச்சர், சிமென்ட் ஏஜென்ட் ஒருவர், இப்படி. நாலு நாள் லீவு கிடைத்தால் ஆளுக்கொரு திசையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எடுத்த படங்களை எல்லோரும் இணையத்தில் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் படம். அதிலிருந்து ஒரு புத்தகம் வேண்டும், ஆனால் இவருக்குப் பத்துப் பக்கம் அவருக்குப் பத்துப் பக்கம் என்று பாகம் பிரித்தது மாதிரி இருக்கக் கூடாது என்றார்கள்.

கத்திரிதான் வழி சொன்னாள். பதினேழு பேர் போன பயணங்களையும் ஒரே பயணமாக்கிவிடலாம். விடியற்காலையில் ஒரு ரயில் நிலையத்தில் தொடங்கி, பொழுது சாயும்போது ஒரு தண்ணீர்க் கரையில் முடிகிற பயணம். மலை ஒருவர் எடுத்தது. அதன் மேல் மேகம் இன்னொருவருடையது. பாதையில் நடந்து போகிறவர் மூன்றாமவர் கேமராவில் மாட்டியவர். அத்தனையும் ஒரே பக்கத்தில், ஒரே வெளிச்சத்தில். "பாக்கறவங்களுக்கு இங்க நான் போயிருக்கேனேன்னு தோணணும். ஆனா எங்கன்னு சொல்ல வரக்கூடாது" என்றாள். கேட்ட எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் எங்கள் அலுவலகத்து நீள மேசையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்தார்கள். பிடித்துப்போயிற்று என்று சொன்னேனே தவிர, சண்டைக்குக் குறைவில்லை. தன் அருவி ஒரு மூலைக்குப் போய்விட்டதைப் பார்த்த சிமென்ட் ஏஜென்ட், "என்னம்மா, என் அருவிய குழாய்த் தண்ணி மாதிரி ஆக்கிட்டீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கணக்கு டீச்சர் ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் இடம் என்று ஸ்கேல் வைத்து அளந்தார். கத்திரி யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. அருவியை நகர்த்துவாள், மேகத்தைக் குறைப்பாள், எல்லோருக்கும் டீ ஊற்றுவாள். அந்த நான்கு மாதமும் அவள் முகத்தில் ஒரு பளபளப்பு இருந்தது. பாஸ்போர்ட் படத்துக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவளைப் பதினேழு பேர் கலைஞர் என்று மதித்துப் பேசினார்கள்.

முப்பத்திநான்காம் பக்கம் புத்தகத்தின் கடைசிக்குச் சற்று முன்னால் வருவது. ரயில் கார்டு எடுத்த ஏரிப் படகுத்துறை. அகலமான கல் படிகள், பச்சை அடித்த கைப்பிடிக் கம்பி, சாயங்கால வெயிலில் செம்பு நிறத்தில் தண்ணீர். அழகான படம்தான், ஆனால் காலியாக இருந்தது. அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று கத்திரி ஒரு வாரம் தேடினாள். கடைசியில் பல் டாக்டரின் படங்களில் கிடைத்தார் ஒரு மனிதர். ஏதோ ஒரு பேருந்து நிலையத்தின் பெஞ்சில், முன்பக்கம் சாய்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டு முகம். முதுகு வளைந்திருந்த விதத்தைப் பார்த்தால், கண்ணுக்கு முன்னால் தண்ணீர் இருக்கிறது என்றே நம்பலாம். நரைத்த தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. அந்த முடியின் ஓரங்களை மட்டும் வெட்ட அவளுக்கு ஒரு நாள் ஆயிற்று.

ஒரு சிக்கல். பெஞ்சுக்கு முன்னால் யாரோ வைத்திருந்த பெட்டி அவருடைய கால்களை மறைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கத்திரி வேறு படங்களில் தேடி, நர்ஸின் வீட்டுக்காரர் ஒரு பாலத்தில் உட்கார்ந்திருந்த படத்திலிருந்து கால்களை எடுத்தாள். பழுப்புத் தோல் செருப்பு போட்ட கால்கள். அவற்றை இவருக்குப் பொருத்தினாள். படியில் நிழல் வரைந்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "யாருடி இவரு, பாத்தா பேசலாம் போல இருக்கே" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் பின்னால் எந்தப் பக்கம் எந்த இடம் என்று ஒரு பட்டியல். அதைத் தயாரித்தது நான். பக்கத்துக்கு ஒரு வரிதான் இடம். "இந்தப் பக்கத்துல மூணு ஊர் கலந்திருக்கே, எத போடறது?" என்று முப்பத்திநான்கைப் பற்றிக் கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தண்ணி எந்த ஊரோ அதப் போட்டுடுங்கக்கா" என்றாள். போட்டேன். படங்கள் பல படங்களின் சேர்க்கை என்று ஒரு வரியும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதில் விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

புத்தகம் நன்றாகப் போயிற்று. விடுதிகள், ஆஸ்பத்திரி வரவேற்பறைகள், நூலகங்கள் எல்லாம் வாங்கின.

ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஓர் அம்மாவும் முப்பது வயதுக்காரர் ஒருவரும் வந்தார்கள். வாசலுக்குப் பக்கத்து மேசை என்னுடையது என்பதால் நேராக என்னிடம் வந்தார்கள். அந்த அம்மா தோள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். முப்பத்திநான்காம் பக்கம். மடித்து மடித்துப் பிரித்ததில் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"இந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு தெரியணும் மேடம்" என்றார். "இது எங்க வீட்டுக்காரரு."

கத்திரி தன் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். அவருக்கு ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிற வேலை. படித்துக்கொண்டிருக்கிற ஒரே மகள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருந்தவர். ஐம்பத்து நான்கு வயதிலேயே மறதி வந்துவிட்டது. சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இது யார் வீடு என்று கேட்பார். ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று தெருமுனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போலீஸ், பேப்பர், சுவரொட்டி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. விடுதியின் வரவேற்பறை மேசையில் இந்தப் புத்தகம் இருந்தது. தினமும் தூசி தட்டி வைப்பாராம், திறந்து பார்த்ததில்லை. ஒரு நாள் தங்க வந்த யாரோ பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"துடைக்கற துணியோட அப்படியே தரையில உக்காந்துட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அழுகை இல்லை. வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம் இருந்தது.

பின்னால் இருந்த பட்டியலைப் பார்த்து, இப்போது கூட வந்திருந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு முழு நாள் ரயிலில் அந்தப் படகுத்துறைக்குப் போயிருக்கிறார். ஒன்பது நாள் அங்கே இருந்திருக்கிறார்கள். படகுக்காரர்கள், சீட்டுக் கொடுப்பவர், சுண்டல் விற்பவர், எல்லோரிடமும் இந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். யாருக்கும் ஆளைத் தெரியவில்லை. கடைசியில் சீட்டுக் கொடுப்பவர்தான், பச்சைக் கம்பியை மாற்றி ரொம்ப நாள் ஆகிறது, படம் பழசாக இருக்கும், புத்தகம் போட்டவர்களிடம் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்.

"எப்ப எடுத்ததுன்னு தெரிஞ்சா அங்கேருந்து எந்தப் பக்கம் போயிருப்பாருன்னு பாக்கலாம்" என்றார் தம்பி. "மாமா நடந்தேதான் போயிருப்பாரு."

"ஆனா ஒண்ணு மேடம்" என்று அந்த அம்மா தாளின் மேல் விரல் வைத்தார். "செருப்பப் பாருங்க. நல்ல தோல் செருப்பு. வீட்லேருந்து போறப்ப ரப்பர் செருப்புதான் போட்டிருந்தாரு. யாரோ நல்லவங்க வாங்கிக் குடுத்திருக்காங்க. அப்ப பாத்துக்கறதுக்கு ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்? அத நெனச்சுத்தான் இந்த ரெண்டு மாசமா நான் தூங்கறேன்."

அது அவர் கால் இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கத்திரி எழுந்து வந்தாள். கையில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது.

"இதக் குடிங்கம்மா" என்றாள். அவர்கள் குடிக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள். "அந்தப் பக்கத்த செஞ்சது நான். அவரு அந்தப் படியில உக்காரலம்மா."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. தம்பிக்கும் புரியவில்லை. கத்திரி அவர்களைத் தன் மேசைக்குக் கூட்டிப்போய் அந்தப் பக்கத்தின் கோப்பைத் திறந்தாள். லேயர் என்று கணினியில் படம் செய்கிறவர்கள் சொல்வது, கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினது போலத்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறைக்கலாம். அவள் முதலில் வானத்தில் சேர்த்திருந்த பறவைகளை மறைத்தாள். பிறகு தண்ணீர் போயிற்று. படிகள் போயின. நிழல் போயிற்று. ஒன்றுமில்லாத கட்டம் போட்ட வெறும் பரப்பில் அந்த மனிதர் மட்டும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இவரு வேற ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாரு. நான்தான் எடுத்து இங்க வச்சேன்."

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காலு?" என்றார்.

கத்திரி மவுஸைக் கால்களின் மேல் கொண்டுபோனாள்.

"எனக்கு அப்பவே தோணுச்சு. அவருக்கு ரெண்டாவது விரல் நீளம். இதுல அப்படி இல்ல. படம் சின்னதா இருக்கு, அதான் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"காலும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, கத்திரி கால்கள் இருந்த லேயரையும் மறைத்தாள். அந்த மனிதர் முழங்காலோடு நின்றுபோனார். அதை மறைக்காமல் இருந்திருக்கலாமோ என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் எதையாவது மிச்சம் வைத்தால் அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் அலைவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"ஒம்போது நாள்" என்றார் அந்த அம்மா. குரல் உயரவே இல்லை. "அவரு உக்காந்த எடம்னு அந்தப் படியத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அங்கயே உக்காந்து சாப்பிட்டேன். எதுக்குங்க அவர வெட்டுனீங்க?"

"முதுகு வளைஞ்சிருந்தது… அந்தத் தண்ணிக்குப் பொருத்தமா, பாக்க நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா" என்றார் அந்த அம்மா.

பேச்சுக் குரல் கேட்டு உள்ளேயிருந்து வந்த முதலாளி, விஷயம் தெரிந்ததும், "கடைசிப் பக்கத்துல எல்லாம் சேர்க்கைப் படம்னு போட்டிருக்கோமே" என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நிறுத்திக்கொண்டார். கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

கத்திரி பல் டாக்டரின் மூலப் படத்தைத் தேடி எடுத்தாள். மதியத்துக்குள் டாக்டரும் கிளினிக்கை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். மூலப் படத்தில் நீளமான பெஞ்சு, சுவர்க் கடிகாரம், பேருந்து எண்கள் எழுதிய பலகை, முன்னால் அந்தப் பெட்டி. படம் எடுத்த தேதி கோப்பிலேயே இருந்தது. வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் கழித்து. டாக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இவர ஞாபகமே இல்லம்மா. அன்னைக்கு பஸ் லேட்டு. சும்மா உக்காந்திருக்கமேன்னு நாலு படம் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்." ஊரும் பேருந்து நிலையமும் எது என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் அந்த அம்மா, தம்பி, கூடவே கத்திரி. வரவேண்டாம் என்று தம்பி சொன்னாராம். அந்த அம்மாதான், "வரட்டும், அவர அங்கேருந்து எடுத்தது இவங்கதானே" என்றாராம். கோபமா கருணையா என்று தெரியாமல் கத்திரி பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போயிருக்கிறாள். இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் எனக்குச் சொன்னது. ஒரே மூச்சில் சொல்லவில்லை. துண்டு துண்டாக, பல நாட்களில்.

பேருந்து நிலையத்தில் சாமான் வைக்கும் அறைக்காரருக்கு மூலப் படத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. "டயர் பெரியவர்ங்க!" என்றார். எந்த பஸ் உள்ளே வந்து நின்றாலும் எழுந்து போய்ச் சக்கரத்தை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பாராம். காற்று குறைந்திருந்தால் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லையாம். டிரைவர்கள்தான் மாற்றி மாற்றிச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் கேட்டால் சிரிப்பார். ஊர் கேட்டால் வந்து நிற்கிற பஸ்ஸின் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிப்பார். சாமான் அறைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளை விரித்துப் படுத்துக்கொள்வார்.

அதைக் கேட்டு அந்த அம்மா சிரித்தாராம். "வீட்லயும் அப்படித்தான். தெருவுல சைக்கிள் நின்னாக்கூடத் தட்டிப் பாப்பாரு" என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே, "இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டிருக்கிறார்.

சாமான் அறைக்காரர் கத்திரியைப் பார்த்தாராம். வந்திருப்பவர்கள் யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

அதற்கு முந்தைய வருட மழைக்காலத்தில் அவருக்கு மார்புச் சளி கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. இரண்டு டிரைவர்கள் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால், பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெரியவில்லை என்றும், வயது அறுபத்தைந்து இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு. கோப்பில் ஒட்டியிருந்த சின்னப் படத்தைக் குமாஸ்தா காட்டினார். அந்த அம்மா பார்த்துத் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

கத்திரி தேதியை இரண்டு முறை படித்தாளாம். அவள் அவரைப் படியில் உட்கார வைப்பதற்குப் பத்து வாரம் முந்திய தேதி. அவர் தலைமுடியின் ஓரங்களை ஒவ்வொன்றாக அவள் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் மண்ணுக்குள் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நகராட்சி மயானத்தில் எண் போட்ட தகரத் துண்டு ஒன்று. அதற்கு முன்னால் அந்த அம்மா வெகுநேரம் நின்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவரே எழுந்து பின்னால் வந்து கத்திரியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நடுவழியில் தூக்கத்தில் தலை சாய்ந்து கத்திரியின் தோளில் விழுந்திருக்கிறது. ஊர் வந்து சேரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, மகளும் தானும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று காட்டினார். படத்தில் இருவருக்கும் நடுவில் வேண்டுமென்றே ஓர் ஆள் இடம் விட்டிருந்தார்கள்.

"இதுல அவர சேத்துக் குடுங்க மேடம். அந்த பஸ் ஸ்டாண்டு படத்துல முகம் நல்லா இருக்கு. உங்களவிட யாரும் நல்லா செய்ய மாட்டாங்க."

கத்திரி அந்தப் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. "என்னால முடியாதும்மா" என்றாள்.

"ஏன்?"

"அவர இன்னொரு தடவை வெட்ட முடியாது. அந்தப் படத்த அப்படியே பெருசு பண்ணித் தரேன். பெஞ்சோட, பெட்டியோட, எல்லாத்தோடயும். அவரு எங்க இருந்தாரோ அங்கயே இருக்கட்டும்."

"பெஞ்சையும் எவனோ ஒருத்தன் பெட்டியையும் நான் சுவத்துல மாட்டணுமா?" அந்த அம்மாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "தெரியாதவங்களுக்கெல்லாம் பண்ணுவீங்க. ஊர் பேர் இல்லாம புத்தகத்துல போட்டு விப்பீங்க. அவர எங்க பக்கத்துல உக்கார வைக்கச் சொன்னா மட்டும் கை வராதா?"

கத்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா மகளின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தெருவிலேயே வேறொரு ஸ்டூடியோவில் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று பிற்பாடு தம்பி போனில் சொன்னார். தலையைச் சுற்றி வெள்ளையாக ஓரம் தெரிகிறதாம். "அக்காவுக்கு அது ஒண்ணும் தெரியலங்க. அதான் இப்ப கூடத்துல இருக்கு" என்றார்.

கத்திரிக்கு அது தீராத வலியாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே, "பண்ணிக் குடுத்திருக்கலாம்ல? உன் மனசு சுத்தமா இருக்கணும்னு அந்த அம்மாவ வெறுங்கையோட அனுப்பிட்டியே" என்றாராம். கேலி பண்ணுகிறவர் கேலி பண்ணாமல் சொன்னதால் அது ஆழமாக இறங்கிவிட்டது. மறுநாளே செய்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அவள் செய்யவும் இல்லை, போகவும் இல்லை.

குழு மறுபடி கூடியது. அன்று யாரும் சதவீதம் பேசவில்லை. மறுபதிப்பில் முப்பத்திநான்காம் பக்கத்தில் பேருந்து நிலையப் படத்தை முழுசாக, ஊர் பெயரோடும் தேதியோடும் போட வேண்டும் என்று கத்திரி கேட்டாள். பயணத்தின் நடுவில் அது ஒட்டாது என்றார் முதலாளி. "ஒட்டாமத்தான் இருக்கட்டும் சார்" என்று சிமென்ட் ஏஜென்ட்தான் முடித்து வைத்தார். அந்த அம்மாவிடம் தம்பி மூலமாகக் கேட்டதற்கு, படமே வேண்டாம் என்று பதில் வந்தது. எனவே அதையும் எடுத்துவிட்டு, படிகளையும் தண்ணீரையும் மட்டும் காலியாகப் போட்டோம். பட்டியலை நான் திருத்தினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை ஊரோ அத்தனையும் எழுதினேன். ஒரு பக்கமாக இருந்தது ஆறு பக்கமாயிற்று.

அதற்குப் பிறகு கத்திரியின் கை மனிதர்கள் மேல் போகவில்லை. மரம், கதவு, மலை என்றால் பழையபடி வெட்டுவாள். ஆள் வந்தால் மவுஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலாளி கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஆட்கள் வருகிற பக்கங்களை வேறொருவருக்குக் கொடுக்க ஆரம்பித்தார். எட்டு மாதம் கழித்து அவளாகவே நின்றுவிட்டாள். கடைசி நாள் மேசை இழுப்பறையைக் காலி பண்ணும்போது, "உங்க வேலை நல்ல வேலைக்கா. தப்ப நீக்கறதோட முடிஞ்சு போகுது" என்றாள். முடிந்து போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

போன மாதம் காய்கறிச் சந்தையில் பார்த்தேன். இளைத்திருந்தாள். வீட்டுக்காரருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாடி ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் வேலை. பிறகு நான் கேட்காமலே சொன்னாள்.

"அந்த அம்மாவப் பாக்கலாம்னு போனேன்க்கா. ரெண்டு வருஷம் தைரியம் வரல. இப்பதான் வந்துச்சு. வீடு பூட்டியிருந்துச்சு. காலி பண்ணிட்டுப் போய் நாலு மாசமாச்சாம். பொண்ணுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துச்சாம். எந்த ஊருன்னு பக்கத்து வீட்ல தெரியல. தம்பி நம்பரும் போகல."

"விடுதியில கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன். அங்கயும் தெரியல." பையில் தக்காளி நசுங்காமல் மேலே எடுத்து வைத்தாள். "எங்கயோ நல்லா இருப்பாங்கன்னு நெனச்சுக்கறேன்."

அவளுடைய பஸ் வந்தது. கூட்டத்தில் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.